கேள்வியும் பொறுப்பும்: அகலப்பட்டை இணையக் காலத்தில் ஊரறிதலின் அறம்

முன்னுரை

ஒரு செய்தியைத் தனியே அறிவதும் ஊரோடு சேர்ந்து அறிவதும் ஒன்றல்ல. இருநிலையிலும் செய்தி ஒன்றேயாயினும், சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் இடையிலுள்ள உறவு வேறுபடுகிறது. இந்தியாவில் பிராட்பேண்ட் எனப்படும் அகலப்பட்டை இணைப்பும், அதன் தொடர்ச்சியாகப் பரவிய கைப்பேசி இணையமும், முகநூல், வாட்ஸ்அப் முதலிய புதிய ஊடகங்களும் சமூக வாழ்வில் விளைவித்த மாற்றங்களைப் பொருளாதாரம், கல்வி, நிருவாகம் ஆகிய நோக்குகளில் ஆராய்ந்தோர் பலர். இணைப்பின் வேகமும் விலையும் பரப்பும் அளக்கத்தக்கவை. ஆதலின் அவற்றைப் பற்றிய ஆய்வுகள் மிகுந்துள்ளன. ஆனால் அளவைக்கு உட்படாத வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. ஒருவர் அனுப்பிய சொல்லால் அவர் முன்பின் அறியாத இன்னொருவர் உயிரிழக்க நேர்ந்தால், அச்சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதே அவ்வினா.

இவ்வினாவை அறவியல் நோக்கில் அணுக இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ் இலக்கிய மரபில் வழங்கும் அம்பல், அலர், கேள்வி ஆகிய கருத்தாக்கங்கள் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் செயற்பட்ட அறிவு மையங்களும், 2018இல் மகாராட்டிரத்திலும் திரிபுராவிலும் நிகழ்ந்த கொலைகளும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அம்பலும் அலரும்

அக இலக்கியத்தில் ஊர் என்பது வெறும் வாழிடம் அன்று. அது பேசும் ஓர் உறுப்பு. தலைவன் தலைவியின் களவொழுக்கத்தை முதலில் அறிவதும் பேசுவதும் அவ்வூரே. அப்பேச்சைத் தொல்காப்பியம் அம்பல் என்றும் அலர் என்றும் இருவகையாகக் குறிக்கிறது. சொல் தெளிவாக வெளிப்படாமல் அரும்பு நிலையில் நிற்பது அம்பல் என்றும், இன்னாரோடு இன்னார் எனப் பலரும் அறிய விளங்கச் சொல்வது அலர் என்றும் இறையனார் களவியல் உரை வேறுபடுத்துகிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே (115) அமைந்துள்ளது.

அலர் துன்பம் தருவது. பல வேளைகளில் கொடியது. எனினும் அதன் இயங்குமுறையில் ஒரு கூறு கருதத்தக்கது. அலர் தூற்றுவோரும் தூற்றப்படுவோரும் ஒரே தெருவில் வாழ்பவர்கள். தூற்றியவரின் முகம் அனைவர்க்கும் தெரியும். நாளை அவர் அதே துறையில் நீர் முகக்க வரவேண்டும். அலர் செவிலிக்கும் நற்றாய்க்கும் எட்டுகிறது. வரைவு கடாவுதலுக்கும் அறத்தொடு நிற்றலுக்கும் வழி திறக்கிறது. அஃதாவது, அச்சொல் ஒரு முடிவை நோக்கிச் செல்கிறது. அம்முடிவின் விளைவைச் சொன்னவரும் கண்ணெதிரே காண்கின்றனர். சொல்லும் சொன்னவரும் பிரியாமை அலரின் அமைப்பிலேயே உள்ளது எனலாம்.

மற்றொரு கருத்தாக்கம் கேள்வி என்பது. பழந்தமிழில் இது செவியால் கேட்டறிதலைக் குறித்தது. இன்றைய வழக்கில் பெரிதும் வினாவையே குறிக்கிறது. திருக்குறளின் அரசியலில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்டல் அறிவுக்கு முந்திய படி எனவும், கேட்டது அப்படியே அறிவாகிவிடாது எனவும் இவ்வைப்பு முறையிலிருந்து கொள்ள இடமுண்டு. கேட்டலுக்கும் வினவுதலுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது மொழி வரலாற்றில் தற்செயலாக நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் அறவியல் நோக்கில் அது பொருளுடையது: திருப்பி வினவ இயலாத இடத்தில் கேட்டல் நிறைவு பெறுவதில்லை.

புதுச்சேரிச் சிற்றூர்களின் ஒலிபெருக்கி

இக்கருத்தாக்கங்களை இணையத்தின் தொடக்கக் காலச் சூழலோடு பொருத்திப் பார்க்கப் புதுச்சேரி நல்ல களமாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்குத் தகவல் சிற்றூர்த் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இதற்கு உதவியது. வில்லியனூர் நடுவமாக அமைய, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் நிறுவப்பட்டன. அக்காலத்தில் அவ்வூர்களில் அகலப்பட்டை இல்லை; தொலைபேசிக் கம்பியையும் வானொலி அலையையும் கலந்து பயன்படுத்திய மெல்லிய இணைப்பே இருந்தது. மையத்திற்குரிய இடத்தை ஊரே தரவேண்டும், அங்கு எல்லாச் சாதியினரும் வந்துபோகும் உரிமை இருக்கவேண்டும் என்பன அடிப்படை நிபந்தனைகளாக இருந்தன. மையங்களை நடத்திய தொண்டர்கள் அவ்வவ்வூரைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பெண்கள் கணிசமாக இருந்தனர்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு தமிழில் மாற்றப்பட்டு அவ்வூரில் ஒலிபெருக்கிவழி அறிவிக்கப்பட்டது. உலகின் மறுகோடியில் உருவான தரவு, கடலுக்குச் செல்லவிருந்தவர்களின் காதில் ஒரே நேரத்தில் விழுந்தது. இதில் தொழில்நுட்பத்தைவிட நோக்கத்தக்கது அறிதலின் முறை. ஒவ்வொருவரும் அறிந்தனர், மற்றவரும் அறிந்திருக்கிறார் என்பதையும் அறிந்தனர். அறிவிப்புப் பிழைத்தால் மையத்தின் வாயிலில் போய்க் கேட்கலாம். கேட்கப்படுபவர் அண்டை வீட்டார்.

இம்முறையின் ஆற்றல் 2004 திசம்பர் 26 அன்று நல்லவாடு என்னும் கடலோர ஊரில் வெளிப்பட்டது. அவ்வூரைச் சேர்ந்தவரும் முன்னர் அறிவு மையத்தில் தொண்டராக இருந்தவருமான ஒருவர் அப்போது சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். ஆழிப்பேரலை பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட அவர், தம் வீட்டிற்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். செய்தி அறிந்தோர் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஊரார் கரையை விட்டு அகன்றனர். ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தபோதும் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிரிழப்பு நேரவில்லை எனப் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சி இணையத்தின் வெற்றியாகப் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. உண்மையில் அச்செய்தி சாதாரணத் தொலைபேசியில் வந்தது. அதனை உயிர் காக்கும் செய்தியாக்கியவை இரண்டு: சொன்னவர் ஊருக்குத் தெரிந்தவர், கேட்டவர் அதனைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊர்ச்சொல்லாக்கினார். ஐயத்துக்கு நேரமில்லாத அந்த நிமிடங்களில் மக்கள் நம்பியது கருவியை அன்று. அதன் பின்னிருந்த ஆளை.

கைக்குள் வந்த வலை

2004ஆம் ஆண்டின் தேசிய அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகமுள்ள இணைப்பையே அகலப்பட்டை என வரையறுத்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் திட்டத்திற்கு 2011இல் நடுவண் அரசு ஒப்புதல் வழங்கியது. அத்திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஊர்ப்புறங்களில் பெரும்பாலோர்க்கு இணையம் ஊராட்சி அலுவலகத்தின் வடத்தின்வழி வரவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் தரவு விலை பெரிதும் வீழ்ந்தது. இணையம் நேரே கைப்பேசிக்குள் வந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் அமைந்த மையம் என்னும் கட்டத்தை நாட்டின் பெரும்பகுதி கடக்காமலேயே தனிமனிதக் கருவி என்னும் கட்டத்தை அடைந்துவிட்டது.

இதன் ஒரு விளைவை 2018இல் கண்டோம். குழந்தை கடத்துவோர் சுற்றித் திரிகின்றனர் என்னும் வதந்தி அவ்வாண்டில் பல மாநிலங்களில் வாட்ஸ்அப்வழிப் பரவியது. அதற்குச் சான்றாகச் சுற்றிய காட்சிப்படங்களுள் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட நடிப்புக் காட்சி. குழந்தையைத் திருப்பி ஒப்படைத்து அறிவுரை கூறும் இறுதிப்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. எச்சரிக்கைப் படம் அதனால் குற்றத்தின் சான்றாகிவிட்டது. மே மாதத்தில் தமிழகத்தின் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் இவ்வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். சூலை 1 அன்று மகாராட்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில் வாரச்சந்தைக்கு வந்த நாடோடிச் சமூகத்தினர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாக்கப்பட்ட இடம் ஊராட்சி அலுவலக அறை.

இச்சொல்லை அலர் எனக் கூறுதல் பொருந்தாது. அது பரப்பில் அலரை விஞ்சியது. தன்மையில் அம்பலினும் கீழ்ப்பட்டது. அம்பல் தெளிவற்றதாயினும் முணுமுணுப்போரின் முகம் தெரியும். இங்கோ சொன்னவர் எவரெனத் தெரியாது. சொல்லப்பட்டவர் ஊருக்குப் புதியவர். தம்மைப் பற்றி உலவும் பேச்சை அவர் அறியவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அலரின் கொடுமை முழுதும் இருக்க, அலரைக் கட்டுப்படுத்திய முகமறிதல் மட்டும் கழன்றுவிட்ட நிலை இது.

ஒலிபெருக்கியும் தோற்ற இடம்

ஒலிபெருக்கிவழிப் பொது அறிவித்தல் நன்று, கைப்பேசிவழித் தனியறிதல் தீது என இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு தவறானது என்பதற்குத் திரிபுரா சான்றாகிறது. அங்கும் 2018 சூன் திங்களில் இதே வதந்தி பரவியபோது, அதனை நம்ப வேண்டா என அறிவிக்க மாநில அரசின் தகவல் துறை ஆள்களை அமர்த்தியது. அவ்வாறு அமர்த்தப்பட்ட ஒருவர் ஊர்தியில் ஒலிபெருக்கியுடன் ஊர் ஊராகச் சென்று அறிவித்து வந்தார். சூன் 28 அன்று தென் திரிபுரா மாவட்டத்தில் மக்கள் கூட்டம் அவரையே குழந்தை கடத்துபவர் என ஐயுற்று அடித்துக் கொன்றது.

நல்லவாட்டில் உயிர் காத்த அதே கருவி இங்குச் சொன்னவரின் உயிரையே காக்கவில்லை. செய்தி உண்மையானது, கருவி பொதுவானது, பின்னணியில் அரசின் ஆணையும் இருந்தது. இல்லாதது ஒன்றே: கேட்டவர்கள் அவரை அறியார். ஆகவே சிக்கல் கருவியின் தன்மையில் இல்லை என்பது தெளிவாகிறது. சொல்லுக்கு நம்பகத்தைத் தருவது, சொன்னவர் அதன் விளைவைக் கேட்டவர்களோடு சேர்ந்து சுமப்பவராக இருத்தல். அவ்வுறவு இருந்த இடத்தில் சாதாரணத் தொலைபேசியும் போதுமானதாயிற்று. அவ்வுறவு இல்லாத இடத்தில் மெய்ச்சொல்லும் செவியேறவில்லை.

ஊர் என்பது யாருடையது?

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. முகமறிந்த ஊர் என நாம் போற்றுவது சாதியாலும் ஆணாதிக்கத்தாலும் கட்டுண்ட ஊர் அன்றோ? அங்கு மன்றம் யாருக்குத் திறந்திருந்தது? அலரால் காவலுள் வைக்கப்பட்டவள் தலைவியே, தலைவன் அல்லன். இம்மறுப்பை எளிதில் தள்ள இயலாது.

எம்பலத்தில் அறிவு மையம் கோயிலைச் சார்ந்த இடத்தில் அமைந்தது. கோயிலின் ஒரு வாயில்வழி ஒடுக்கப்பட்ட சாதியினரும் மாதவிலக்கான பெண்களும் நுழைய மரபு இடந்தரவில்லை. மையத்திற்குச் செல்லும் மற்றொரு வாயில்வழி எவரும் நுழையலாம். ஒரே கட்டடத்தில் இருவகை ஊர்கள் இருந்தன. இரண்டாம் வாயில் ஊரின் பழைய அறத்திலிருந்து தானாகத் தோன்றவில்லை; வெளியிலிருந்து வந்த நிபந்தனை அதனைத் திறந்தது.

கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பும் இங்குக் கருதத்தக்கது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி பயன்படுத்தத் தடை இருந்தது. அதனை ஏற்க மறுத்து விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவி நீதிமன்றத்தை நாடினார். இணைய அணுக்கம் கல்வியுரிமையின் பகுதியாகவும் அந்தரங்க உரிமையின் பகுதியாகவும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பின்கீழ் அடங்கும் என நீதிமன்றம் கூறியது. தனியே அறியும் உரிமை ஆடம்பரம் அன்று. காவலுக்குட்பட்டோர்க்கு அதுவே விடுதலையின் தொடக்கம் என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 அகவைக்குட்பட்டோருள் இணையத்தை எப்போதேனும் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காட்டினர், பெண்கள் 33.3 விழுக்காட்டினரே. வலையிலும் ஊரின் பழைய வேலிகள் நீண்டு கிடந்தன என்பதற்கு இவ்வெண்கள் சான்று.

எனவே பழைய ஊருக்குத் திரும்புதல் இக்கட்டுரையின் பரிந்துரை அன்று. ரெயின்பாடாவில் கொன்றதும் ஓர் ஊர்க்கூட்டமே. அதன் உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்தவர்களே. அவர்கள் அறியாதவர் கொல்லப்பட்டவர் மட்டுமே. முகமறிந்தோர்க்கு மட்டும் அறம் உண்டு என நின்றுவிடும் ஊர், அயலாரிடத்து அறமற்றதாகிறது. அறியும் உரிமை தனியாளுக்கு உரியது என்பதை ஏற்றுக்கொண்டு, சொல்லும் பொறுப்பைப் பொதுவில் வைப்பது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள சிக்கல்.

அரசு கண்ட இரு விடைகள்

இச்சிக்கலுக்கு அரசு இரு விடைகளைக் கண்டது. முதலாவது, வலையையே துண்டித்தல். திரிபுராவில் 2018 கொலைகளை ஒட்டி இணையம் நிறுத்தப்பட்டது. சம்மு காசுமீரில் 2019 ஆகத்தில் நிறுத்தப்பட்ட அதிவேகக் கைப்பேசி இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாக மீண்டது. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துதல் ஏற்கத்தக்கதன்று என 2020 சனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. துண்டித்தலால் பொய்யோடு மெய்யும் வாய் அடைக்கப்படுகிறது. நல்லவாட்டிற்கு வந்தது போன்ற அழைப்பும் நின்றுபோகக்கூடும்.

இரண்டாவது, முதலில் அனுப்பியவரைக் கண்டறிதல். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திப் பரிமாற்றச் சேவைகள் ஒரு செய்தியின் முதல் அனுப்புநரை இனங்காண வகைசெய்ய வேண்டும் என்றன. அது மறையாக்கத்தையும் அந்தரங்கத்தையும் சிதைக்கும் எனக் கூறி அவ்வாண்டிலேயே வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் உறுதிசெய்திருந்தது இங்கு நினைக்கத்தக்கது.

சட்ட நிலை எவ்வாறாயினும், அறவியல் நோக்கில் இவ்விரண்டாம் விடையிலும் குறையுண்டு. அரசுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருத்தலும் கேட்டவர்க்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருத்தலும் வேறு வேறு. முன்னது ஒற்றுக்கும் அச்சத்துக்கும் இடந்தரும். பின்னதே கேள்வியின் பாற்பட்டது. மேலும், கராச்சியில் அப்படத்தை முதலில் உருவாக்கியவர் நல்லெண்ணம் உடையவர். குற்றம் தொடக்கத்தில் இல்லை. இடையில் வெட்டியவரிடமும், அடுத்தடுத்து அனுப்பிய எண்ணற்ற கைகளிலும் உள்ளது. முதல்வரைத் தேடுதல் இடைநின்ற ஒவ்வொருவரையும் விடுவித்துவிடுகிறது.

இடைநிற்போரின் அறம்

2018 சூலையில் வாட்ஸ்அப் இருமாற்றங்களைச் செய்தது: வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு 'முன்னனுப்பப்பட்டது' என்னும் குறி இட்டது, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. இவற்றால் வேகம் குறைந்திருக்கலாம். ஆயினும் அக்குறி உணர்த்தும் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது: 'இது என் சொல் அன்று' என அனுப்புபவரின் சார்பில் கருவியே கூறிவிடுகிறது. எச்சரிக்கையாக எண்ணி இடப்பட்ட குறி, பொறுப்பு நீக்கமாகவும் படிக்கப்படுகிறது.

அகப்பாடல்களில் தோழி இடைநிற்பவள். அவள் தலைவன் சொல்லைத் தலைவிக்கும், தலைவியின் நிலையைத் தலைவனுக்கும், உரிய காலத்தில் செவிலிக்கும் எடுத்துச் செல்கிறாள். ஆனால் அவள் வெறும் கடத்தி அல்லள். கேட்டதை ஆராய்கிறாள், சிலவற்றை மறைக்கிறாள், சிலவற்றைக் காலம் தாழ்த்துகிறாள், சொன்னதன் விளைவு தலைவியைத் தாக்கும்போது உடன் நிற்கிறாள். அறத்தொடு நிற்றல் என்னும் தொடரில் 'நிற்றல்' என்பது பொருள் பொதிந்தது. சொல்லிவிட்டு அகலாமல், சொல்லோடு நிற்றல் அது. எடுத்துச் சொல்பவர் தம் சொல்லாகவே அதனை ஏற்க வேண்டும் என்பது அம்மரபு உணர்த்தும் அறம்.

இதனை இன்றைய சூழலுக்குப் பொருத்தினால், ஒரு செய்தியை முன்னனுப்புதல் புதிதாகச் சொல்லுதலே ஆகும். தன் பெயரால், தன்னை அறிந்தோரின் முகம் நோக்கிச் சொல்லத் துணியாத ஒன்றை விரலால் தள்ளிவிடுதல் அறமாகாது. அச்செய்தி அயலார் ஒருவரைக் குற்றம் சாட்டுவதாயின், அவர் அக்குழுவில் இருந்து மறுமொழி கூற இயலாதவர் என்பதால் பொறுப்பு இரட்டிக்கிறது. கேட்பவர்க்கும் கடமையுண்டு. தெரிந்தவர் அனுப்பினார் என்பது செய்தி மெய் என்பதற்குச் சான்றன்று; அவரிடம் திருப்பி வினவுதல் நட்புக்கு இழுக்கும் அன்று. குடும்பக் குழுவில் மூத்தோர் அனுப்பிய பொய்ச்செய்தியை மறுக்கத் தயங்கி வாளாவிருத்தல் மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் அம்மரியாதையின் விலையை எங்கோ ஓர் அயலார் செலுத்த நேரலாம்.

முடிவுரை

அகலப்பட்டையும் புதிய ஊடகமும் சமூகத்தைச் சிதைத்தன என்றோ இணைத்தன என்றோ ஒருசொல்லில் கூறுதல் இயலாது. அவை அறிதலை ஊர் மன்றத்திலிருந்து தனிக்கைக்கு மாற்றின. அம்மாற்றம் மன்றத்தில் இடம் மறுக்கப்பட்டோர்க்குக் கதவைத் திறந்தது; அதே வேளையில் சொல்லையும் சொன்னவரையும் பிரித்தது. முன்னதை இழக்காமல் பின்னதைச் சீர்செய்தலே நம் காலத்தின் கடன். துண்டித்தலும் கண்காணித்தலும் அதற்கு ஈடாகா.

நல்லவாட்டுக்கும் தென் திரிபுராவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கருவியின் வரலாறு விளக்கவில்லை. சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே நிலவிய பொறுப்பே விளக்குகிறது. அப்பொறுப்பை முகமறிந்த ஊரின் எல்லைக்குள் நிறுத்தாமல், சந்தைக்கு வந்த நாடோடிக்கும் ஒலிபெருக்கியோடு வந்த புதியவர்க்கும் உரியதாக விரித்தல் வேண்டும். கேள்வி என்னும் சொல்லின் இருபொருளையும் ஒருங்கே பேணுவதில் அது தொடங்கும். கேட்டவர் வினவவும், சொன்னவர் தம் சொல்லோடு நிற்கவும் இயன்ற இடமே ஊர். அது தெருவில் அமைந்தாலும் வலையில் அமைந்தாலும்.